நிவாரணம்: தருமமா, உரிமையா?

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே இருந்த அவகாசம் நான்கு மணி நேரம். மும்பையிலும் சூரத்திலும் டெல்லியிலும் பெங்களூருவிலும் அன்றாடக் கூலியை நம்பி இருந்தவர்கள் மறுநாள் காலை எழுந்தபோது வேலை இல்லை, ரெயில் இல்லை. கையில் உள்ள பணம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்ற கணக்கு மட்டுமே மிச்சம்.

அடுத்த வாரமே தெருமுனைகளில் வரிசைகள் தோன்றின. சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு ஒரு வரிசை, அரிசி பருப்புக்கு ஒரு வரிசை, பிற்பாடு ஊருக்குப் போகும் ரெயிலுக்குப் பெயர் கொடுக்க ஒரு வரிசை. வரிசையின் மறுமுனையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் மாநகராட்சி ஊழியராக இருக்கலாம். தொண்டு நிறுவனத்துப் பணியாளராக இருக்கலாம். பேட்டைச் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் அவர் எதிரே நின்ற கேள்விகள் ஒன்றுதான். இருப்பது நூறு மூட்டை, நிற்பது முந்நூறு பேர் என்றால் யாருக்கு முதலில் கொடுப்பது? ரேஷன் கார்டு இல்லாதவரைத் திருப்பி அனுப்புவதா? வாங்குகிறவரைப் படம் பிடிப்பதா? இவர் நம் ஊர்க்காரர், அவர் வேறு மொழிக்காரர் என்று பார்ப்பதா?

சமூகப் பணியின் அறநெறி என்று கல்லூரிகளில் ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்து விடுகிற பாடம் என்று அதைப் பலர் நினைத்தார்கள். அந்த ஆண்டு அதன் பரீட்சை தெருவில் நடந்தது. இந்தியாவில் மட்டும் அல்ல. சர்வதேசச் சமூகப் பணியாளர் கூட்டமைப்பும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் ஓர் ஆய்வு நடத்தின. 54 நாடுகளிலிருந்து 607 பேர் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பினர். நேரில் பார்க்காமல் தொலைபேசியிலேயே ஒரு குடும்பத்தின் நிலையை எப்படி அறிவது, யாருடைய தேவையை முதலில் கவனிப்பது, மேலதிகாரியின் உத்தரவு மனிதத் தன்மைக்கு ஒவ்வாததாகப் பட்டால் கீழ்ப்படிவதா மீறுவதா என்பவையே அவர்களை வாட்டிய கேள்விகள். நாடு வேறு, மொழி வேறு, மேசை ஒன்றேதான்.

எண்ணப்படாதவர்கள்

உதவி செய்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, உதவி தேவைப்படுவோர் எத்தனை பேர் என்பது. இதில்தான் முதல் சறுக்கல் நேர்ந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்கள் எங்கெங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற பட்டியல் எந்த அரசிடமும் உருப்படியாக இல்லை. 1979-ம் ஆண்டிலேயே மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. காண்டிராக்டர் லைசென்சு எடுக்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் புகைப்படம் ஒட்டிய பாஸ் புத்தகம் கொடுக்க வேண்டும். போக்குவரத்துப் படி கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அது ஒழுங்காக நடந்திருந்தால் 2020 மார்ச்சில் கையில் பட்டியல் இருந்திருக்கும். பாஸ் புத்தகத்தைக் கண்ணால் பார்த்த தொழிலாளி அபூர்வம்.

மே மாதம் 1-ந் தேதி முதல் சிறப்பு ரெயில்கள் ஓடத் தொடங்கின. மொத்தம் 4,621 ரெயில்களில் 63 லட்சத்துக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பினர். கட்டணத்தை யார் கொடுப்பது என்ற சண்டை வேறு மாதம் முழுவதும் நடந்தது. தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்ட நாள் மே 28. அதற்குள் பெரும்பகுதி ரெயில்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. மே 8-ந் தேதி அதிகாலையில் மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலிருந்து ரெயில் பாதை வழியே நடந்து வந்த தொழிலாளர்கள் அசதியில் தண்டவாளத்திலேயே படுத்துத் தூங்கியபோது சரக்கு ரெயில் ஏறி 16 பேர் மாண்டார்கள். பாதையில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படம் நாடு முழுவதும் வெளிவந்தது.

அந்த ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி பாராளுமன்றத்தில், ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. அப்படி ஒரு கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் துறை பதில் தந்தது. கணக்கே இல்லாததால் நஷ்ட ஈடு என்ற பேச்சுக்கும் இடம் இல்லாமல் போயிற்று. ஒரு கோடியே நான்கு லட்சம் பேருக்கு மேல் ஊர் திரும்பியதாக அதே துறை சொன்னது. திரும்பியவர்களை எண்ண முடிந்தது. வழியில் விழுந்தவர்களை எண்ண ஆள் இல்லை.

இதைச் சமூகப் பணியாளர்கள் மேல் போடுவது நியாயம் ஆகாது. ஆனால் நிவாரணம் கொடுத்த பல அமைப்புகளும் இதே தவற்றைச் சிறிய அளவில் செய்தன. எத்தனை பொட்டலம் கொடுத்தோம் என்று நோட்டில் எழுதின. எத்தனை பேர் கேட்டும் கிடைக்காமல் போனார்கள் என்று எழுதியவை சில. முதல் எண்ணிக்கை நன்கொடையாளருக்குக் காட்ட உதவும். பசித்தவனுக்கு உதவுவது இரண்டாவதுதான்.

புகைப்படத் தொல்லை

மும்பைக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1920-களில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்ற அமெரிக்கர் நாக்பாடாப் பகுதியில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்காக ஓர் அக்கம்பக்க இல்லம் தொடங்கினார். அங்கிருந்துதான் 1936-ல் சர் தோராப்ஜி டாட்டா சமூகப் பணிப் பள்ளி பிறந்தது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் கழகம் அதுவே. நாட்டுப் பிரிவினையின்போது குருட்சேத்திர அகதி முகாமுக்கு அந்தப் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் போய் வேலை செய்தார்கள். தருமம் செய்வது வேறு, சமூகப் பணி வேறு என்ற எண்ணம் இந்நாட்டில் வேர் விட்டது அந்த நாட்களில்தான். தருமத்தில் கொடுப்பவரின் மனம் நிறைந்தால் போதும். பணியில் வாங்குபவரிடம் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

1994-ம் ஆண்டில் செஞ்சிலுவை இயக்கமும் சில பெரிய தொண்டு நிறுவனங்களும் கூடி, பேரிடர் நிவாரணத்துக்குப் பத்து விதிகள் வகுத்தன. சாதி, சமயம், தேசம் பார்க்காமல் தேவையைப் பார்த்து உதவ வேண்டும்; உதவியைக் கொண்டு மதமோ அரசியலோ வளர்க்கக் கூடாது; பணம் கொடுத்தவருக்கும் உதவி பெற்றவருக்கும் ஒருங்கே பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்று போகிறது பட்டியல். பத்தாவது விதி விளம்பரத்தைப் பற்றியது. துன்பப்படுகிறவர்களைக் கதியற்ற ஜடங்களாகக் காட்டாமல் மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து.

2020-ல் மிக அதிகமாக மீறப்பட்ட விதி இதுவாகத்தான் இருக்கும். ஐந்து கிலோ அரிசி மூட்டையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு நிற்க, வாங்குகிற அம்மாள் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்த படங்கள் செல்போன் தோறும் வந்தன. (மூட்டையைவிட அதன்மேல் அச்சிட்ட தலைவர் படம் பெரிதாக இருந்த காட்சிகளும் உண்டு.) கணக்குக் காட்டப் படம் வேண்டும் என்று சொல்லப்பட்டது. அது முழுக்கப் பொய்யும் அல்ல. நன்கொடையாளர் கேட்கிறார், ஆடிட்டர் கேட்கிறார். ஆனால் கையெழுத்துப் போட்ட ரசீது போதாதா? மூட்டைகள் அடுக்கிய படம் போதாதா? பெறுகிறவரின் முகம் எதற்கு?

மாதம் பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ சம்பாதித்து ஊருக்கும் பணம் அனுப்பி வந்த ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். ஊரில் அவனுக்கு ஒரு மதிப்பு உண்டு. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவன் கையேந்தி நிற்கும் படம் ஊர் வாட்ஸப் குழுவில் வருகிறது. அந்த அரிசி தொண்டையில் இறங்குமா? இப்படிப் படம் எடுப்பார்கள் என்று தெரிந்ததும் வரிசைக்கே வராமல் இருந்த குடும்பங்கள் உண்டு. ஆபீசு குமாஸ்தா, கடைக் கணக்குப்பிள்ளை போன்ற வெள்ளைச் சட்டை ஏழைகள் இந்த வகை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. கேட்கவும் வாய் வராது. மானத்தைக் காத்துக் கொடுத்த இடங்களில் மட்டும் இவர்கள் வாங்கினார்கள். இரவில் வீட்டு வாசலில் பை வைத்துவிட்டுப் போன இளைஞர்களும் அதே நகரங்களில் இருந்தார்கள். அவர்களுக்குப் படம் இல்லை என்பதால் செய்தியும் இல்லை.

கதவில் ஒட்டிய நோட்டீசு

மருத்துவச் சமூகப் பணியின் முதல் பாடம், நோயாளியின் ரகசியத்தைக் காப்பது. கொரோனா வந்த வீட்டின் கதவில் நோட்டீசு ஒட்டும் வழக்கம் பல மாநிலங்களில் தொடங்கியது. சில ஊர்களில் தகரம் அடித்து வாசலையே மூடினார்கள். அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்புக்காக என்று காரணம் சொல்லப்பட்டது. விளைவு வேறாக இருந்தது. நோட்டீசு ஒட்டிய வீட்டுக்குப் பால்காரன் வரவில்லை. வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொன்னார். குணமான பிறகும் தண்ணீர்க் குழாயில் ஒதுக்கி நிறுத்தினார்கள். இதைப் பார்த்த அடுத்த வீட்டார் தங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை போட்டு மறைத்தார்கள். மறைத்தபோது நோய் இன்னும் பரவியது. 2020 டிசம்பர் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதில் தீர்ப்புச் சொன்னது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி உத்தரவிட்டால் ஒழிய எந்த வீட்டிலும் நோட்டீசு ஒட்டக் கூடாது என்றது. ஒன்பது மாதம் கழித்து வந்த தீர்ப்பு அது.

இந்த நகரத்துக்கு இது புதிய அனுபவம் அல்ல. 1896-ல் அன்றைய பம்பாயில் பிளேக் பரவியது. மறு ஆண்டே தொற்று நோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனை, நோயாளிகளைப் பலவந்தமாகப் பிரித்துக் கொண்டுபோதல், சாமான்களை எரித்தல் என்று நடந்தபோது மக்கள் நோயைவிட அதிகாரிகளுக்கே அதிகம் பயந்தார்கள். லட்சக்கணக்கானவர் நகரத்தை விட்டு ஓடினர். புனாவில் கெடுபிடிகளுக்குப் பேர்போன பிளேக் அதிகாரி ராண்டு 1897 ஜூன் 22-ந் தேதி இரவு சுடப்பட்டார். 2020-ல் மாநிலங்கள் கையில் எடுத்ததும் அதே 1897-ம் ஆண்டுச் சட்டத்தைத்தான். அந்தப் பழைய சட்டத்தில் அதிகாரிகளுக்கு என்னென்ன அதிகாரம் என்று இருக்கிறது. நோயாளிக்கு என்ன உரிமை என்று ஒரு வரி கிடையாது.

தாராவி கற்றுத்தந்தது

இதற்கு மாறான உதாரணமும் மும்பையிலேயே உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவியில் 2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நோயாளி கண்டறியப்பட்டார். இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய இடத்தில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் வசிக்கும் இடத்தில் தள்ளி நில் என்றால் எங்கே நிற்பது? வீட்டில் தனித்திரு என்றால் எந்த அறையில் இருப்பது? பெரும்பாலான குடும்பங்கள் பொதுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். நாடு முழுவதற்கும் எழுதிய விதிகள் அங்கே செல்லுபடி ஆகவில்லை.

மாநகராட்சியின் உதவி ஆணையர் கிரண் திகாவ்கர் தலைமையில் அங்கே எடுத்த வழி வேறு. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீடு வீடாகத் தேடிப் போனார்கள். அந்தப் பகுதி மக்கள் பல ஆண்டுகளாக நம்பிய தனியார் டாக்டர்களையே உடன் அழைத்துப் போனார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். முகம் தெரியாத அதிகாரி காய்ச்சல் உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பிள்ளைக்கு ஊசி போட்ட டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்வார்கள். பள்ளிக்கூடம், விளையாட்டு அரங்கம், கல்யாண மண்டபம் எல்லாம் தனிமை முகாம்களாயின. வேளாவேளைக்குச் சாப்பாடு, நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்துக்கு உணவு என்று கவனித்ததால், முகாம் என்றால் சிறை என்ற பயம் குறைந்தது. 2020 ஜூலை 10-ந் தேதி உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ராஸ், கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களில் ஒன்றாகத் தாராவியின் பெயரைச் சொன்னார்.

இந்த வெற்றியை ஊதிப் பெரிதாக்கவும் வேண்டியதில்லை. பெருந்தொகையானோர் ஊர்களுக்குப் போய்விட்டதால் நெருக்கடி குறைந்தது ஒரு காரணம். அந்த ஜூலையில் மும்பையின் மூன்று வட்டங்களில் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கனவே தொற்று வந்து போனது தெரிந்தது. மற்றப் பகுதிகளில் அது 16 சதவீதம். அதாவது ஏழைகளின் வீடுகளுக்குள் நோய் சத்தம் இல்லாமல் நுழைந்து வெளியேறி இருந்தது. ஆனாலும் கட்டாயப்படுத்துவதைவிட நம்பிக்கையைப் பெறுவது நல்ல பலன் தரும் என்பதற்குத் தாராவி சாட்சி. ரகசியம் காப்பதும் மரியாதை கொடுப்பதும் சௌகரியமான காலத்துக்கு மட்டும் உரிய அலங்காரங்கள், ஆபத்து வந்தால் ஒதுக்கி வைக்கலாம் என்று வாதிட்டவர்களுக்கு அங்கே பதில் கிடைத்தது.

நம்மவர் முதலில் என்ற வாதம்

வெளிமாநிலத் தமிழர்களைப் பொறுத்தவரை, மிகவும் சங்கடமான கேள்வி இது. ஊரடங்கில் பல இடங்களில் முதலில் கை கொடுத்தவை ஊர்ச் சங்கங்களும் சாதிச் சங்கங்களும் மொழிச் சங்கங்களும்தான். அவர்களிடம் முகவரி இருந்தது. செல்போன் எண் இருந்தது. யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டில் சர்க்கரை நோயாளி என்று தெரியும். அரசு பட்டியல் தயாரிப்பதற்குள் இவர்கள் அரிசியைக் கொடுத்துவிட்டார்கள். இதைக் குறை சொல்வது சுலபம். அவர்கள் இல்லாவிட்டால் முதல் பத்து நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் சங்கம் இல்லாதவன் கதி என்ன? அதே சாலில், அதே மாடியில், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ தனியாக வந்த ஒருவன் இருப்பான். அவனுக்கு இந்நகரத்தில் சங்கம் இல்லை, சொந்தம் இல்லை. நம்மவர் முதலில் என்று எல்லோரும் கொடுத்தால் அவன் எல்லாருக்கும் கடைசி ஆகிறான். சென்னையிலோ திருப்பூரிலோ அவன் இடத்தில் அவனும், மும்பையில் தமிழனும் ஒரே நிலைதான். உள்ளூர்க்காரர் முதலில் என்று எல்லா ஊரிலும் வைத்தால் அடி வாங்குவது வெளியூர்க்காரர்தான் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2022-ல் நடந்த ஒரு சம்பவம் இங்கே நினைவு கூரத்தக்கது. இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கி, அரிசிக்கும் மருந்துக்கும் மக்கள் திண்டாடினர். தமிழ்நாட்டு அரசு அங்குள்ள தமிழர்களுக்கு உதவிப் பொருள் அனுப்ப முன்வந்தது. அங்குள்ள தமிழ்ப் பிரதிநிதிகளோ, தமிழர்களுக்கு என்று பிரித்து அனுப்ப வேண்டாம், இலங்கை மக்கள் எல்லோருக்குமாக அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். ஏப்ரல் 29-ந் தேதி சட்டசபையில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் இதைக் குறிப்பிட்டே தீர்மானம் கொண்டு வந்தார். 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் பவுடர், உயிர் காக்கும் மருந்துகள் என்று முடிவாகி, மே 18-ந் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது.

அந்தக் கோரிக்கையை விடுத்தவர்கள் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. முப்பதாண்டு யுத்தத்தில் வீடும் உறவும் இழந்த சமூகத்தின் பிரதிநிதிகள். எங்களுக்கு முதலில் என்று கேட்க அவர்களைவிட நியாயம் உள்ளவர் வேறு யாரும் இல்லை. அண்டை வீட்டான் பசித்திருக்க நமக்கு மட்டும் மூட்டை வந்து இறங்கினால் நாளை அவனோடு எப்படி வாழ்வது என்ற நடைமுறை அறிவும் அதில் இருந்திருக்கலாம். இருந்தால் என்ன, அதனால் அதன் பெருமை குறைந்துவிடாது. 1994-ம் ஆண்டின் பத்து விதிகளைப் படித்துத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

சேவை என்ற பெயரில்

கொடுக்கிறவர்களின் நிலையையும் பார்க்க வேண்டும். நாடெங்கும் சுமார் பத்து லட்சம் ஆஷா பெண் ஊழியர்கள் கொரோனா காலத்தில் வீடு வீடாகச் சென்றார்கள். இவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல. தொண்டர்கள் என்பது ஏட்டில் உள்ள பெயர். ஆகவே சம்பளம் இல்லை, ஊக்கத் தொகை மட்டும். கொரோனா வேலைக்கு மத்திய அரசு தந்த கூடுதல் தொகை மாதம் ஆயிரம் ரூபாய். 2021 ஜூனில் மகாராஷ்டிரத்து ஆஷா ஊழியர்கள் வேலை நிறுத்தமே செய்ய வேண்டி வந்தது. 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருது கொடுத்துப் பாராட்டியது. மாலை போட்டால் வயிறு நிறையுமா என்பது பழைய கேள்வி. தியாகம், சேவை, தொண்டு என்ற நல்ல சொற்கள் கூலியைக் குறைக்கும் கருவியாகவும் பயன்படுவதைத் தொழிற்சங்கம் அறிந்த எவரும் புரிந்துகொள்வர்.

தொண்டு நிறுவனங்களுக்கும் நெருக்கடி வந்தது. 2020 செப்டம்பரில், ஊரடங்கின் துயரம் ஓயாத நேரத்தில், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. பணம் பெறும் நிறுவனம் அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது; நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; முன்பு இது 50 சதவீதம். முறைகேடுகளைத் தடுக்கவே இது என்றது அரசு. முறைகேடுகள் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் பெரிய நிறுவனத்திடம் வாங்கிப் பேட்டைக்குள் வேலை செய்த சின்னஞ்சிறு அமைப்புகள் கையற்றுப் போயின. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு இந்தத் திருத்தத்தைச் செல்லும் என்று ஏற்றது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வக்கீலுக்குப் பார் கவுன்சில் இருக்கிறது, டாக்டருக்கும் நர்சுக்கும் கவுன்சில் இருக்கிறது. தவறு செய்தால் புகார் கொடுக்கலாம். சமூகப் பணியாளர் அனைவருக்கும் என்று அப்படிச் சட்டப்படியான கவுன்சில் இந்தியாவில் கிடையாது. மருத்துவமனை சார்ந்த சமூகப் பணியாளர்களை மட்டும் 2021-ம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மற்றபடி அடையாள அட்டை மாட்டிக்கொண்டு யாரும் சமூக சேவகர் ஆகலாம். வாங்குகிறவரிடம் ஆதார் நகல் கேட்பவர்கள் கொடுக்கிறவரிடம் எதுவும் கேட்பதில்லை.

கார்டில் உள்ள எழுத்து

தருமம் மனம் வைத்தால் வரும். உரிமை கேட்டால் வர வேண்டும். இந்த வித்தியாசம் தெரிய ஓர் உதாரணம், ரேஷன் கார்டு.

ஊரடங்கு தொடங்கிய இரண்டாம் நாள், ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசம் என்று மத்திய அரசு அறிவித்தது. நல்ல திட்டம்தான். ஆனால் கார்டு ஊரில், ஆள் இங்கே. ஊரில் கார்டு பீரோவில் பத்திரமாக இருக்க, இங்கே அதன் சொந்தக்காரன் பொட்டல வரிசையில் நின்றான். கார்டு இல்லாத எட்டுக் கோடித் தொழிலாளருக்கு என்று மே 14-ந் தேதி தனியாக ஒரு திட்டம் வந்தது. அதுவும் இரண்டு மாதத்துக்கு மட்டும்.

ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டம் 2019 ஆகஸ்டிலேயே சில மாநிலங்களில் தொடங்கியிருந்தது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எல்லா மாநிலங்களும் இதை அமல்படுத்த வேண்டும் என்று 2021 ஜூன் 29-ந் தேதி நீதிபதிகள் அசோக் பூஷண், எம்.ஆர்.ஷா ஆகியோர் தீர்ப்பளித்தனர். 2022 ஜூனில் கடைசி மாநிலமாக அசாமும் சேர்ந்துவிட்டது. இப்போது திருநெல்வேலிக் கார்டை வைத்து மும்பை ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். குடும்பத்தின் ஒரு பகுதி இங்கேயும் மறுபகுதி ஊரிலும் தங்கள் பங்கைப் பிரித்து வாங்கவும் வழி உண்டு.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்த வசதி மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் கார்டுகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் ஏழை பணக்காரர் என்று பாராமல் பெரும்பாலான கார்டுகளுக்கு அரிசி கொடுக்கிறார்கள். முன்னுரிமை அல்லாத கார்டுகளுக்கு ஆகும் செலவை மாநில அரசே ஏற்கிறது. கார்டில் பி.எச்.எச். என்று இருந்தால் மும்பையில் செல்லும். என்.பி.எச்.எச். என்று இருந்தால் ஊரில் அரிசி உண்டு, இங்கே இல்லை. முன்னால் உள்ள ஓர் எழுத்தில் இருக்கிறது வித்தியாசம். பலர் கடையில் போய்த் திட்டு வாங்கிய பிறகே இதைத் தெரிந்துகொள்கிறார்கள். பத்து மூட்டை அரிசி கொடுப்பதைவிட, நூறு கார்டுகளை வாங்கிப் பார்த்து அந்த எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது பெரிய வேலை. அதைப் படம் எடுத்துப் போட முடியாது என்பதுதான் குறை.

2021 ஆகஸ்டு 26-ந் தேதி இ-ஷ்ரம் என்ற பதிவுத் திட்டம் வந்தது. அமைப்புசாராத் தொழிலாளர் கோடிக்கணக்கில் பெயர் பதிந்தார்கள். 1979-ல் செய்திருக்க வேண்டிய எண்ணிக்கை நாற்பத்திரண்டு ஆண்டு தாமதமாக நடந்தது. எண்ணிப் பார்த்தபோது, பதிந்தவர்களில் சுமார் எட்டுக் கோடிப் பேர் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராதவர்கள் என்று தெரிந்தது. அவர்களுக்கு மூன்று மாதத்தில் கார்டு கொடுங்கள் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் கொடுங்கள் என்று 2024 மார்ச் 19-ந் தேதி மறுபடியும் சொன்னது.

பழைய 1979-ம் ஆண்டுச் சட்டமும் இப்போது தனியாக இல்லை. 2020-ல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அது போய்விட்டது; 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்பு அமலுக்கு வந்தது. பழைய சட்டம் ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தும். புதியதில் பத்துப் பேர் வேண்டும். வேலைக்குத் தானாக வந்தவரையும் புதிய சட்டம் வெளிமாநிலத் தொழிலாளியாக ஏற்கிறது. இது ஒரு முன்னேற்றம். ஆனால் ஓட்டலில், லாண்டிரியில், சிறிய பட்டறையில் எத்தனை இடத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள்?

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்ச வரம்பு 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து நிர்ணயிக்கப்பட்டது. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் நின்று போயிற்று. 2027 மார்ச் 1-ந் தேதியைக் கணக்கு நாளாக வைத்து அடுத்த கணக்கெடுப்பு என்று 2025 ஜூனில் அரசு ஆணை வெளியாயிற்று. ஓர் அறையில் பகல் ஷிப்டு நான்கு பேர், இரவு ஷிப்டு நான்கு பேர் என்று தங்குகிறவர்கள் வீட்டில், கதவைத் தட்டும்போது யார் இருக்கிறார்களோ அவர்கள்தான் மற்றவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். ஊர் வீட்டிலும் பெயர் சொல்லாமல், இங்கேயும் விட்டுப் போனால் அடுத்த வரம்பிலும் அவர்கள் இல்லை. எந்தச் சாலில் எத்தனை பேர், எந்த ஷிப்டில் எத்தனை பேர் என்பதை ஊர்ச் சங்கங்கள் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம்; அரிசிப் பட்டியலுக்காக 2020-ல் எழுதிய பழைய நோட்டே பல சங்கங்களில் இன்னும் கிடக்கிறது.